ஒரு பெட்டி ஆட்டக்காரர்கள்

என் சேகரிப்பு ஒரு பொய்யில் தொடங்கியது.

மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் ஆளுக்கொரு பொழுதுபோக்கைப் பற்றி எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அப்படி ஒன்று இல்லை. பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள பண்டகசாலையில் பெட்டிகளை அடுக்குவேன். மாலையில் வினைச்சொற்களை அடுக்குவேன். மிச்ச நேரத்தில் டயரி எழுதுவேன். அதை எழுதச் சொன்னவரே அந்த ஆசிரியைதான் என்பதால் அதைப் பொழுதுபோக்கு என்று அவரிடமே சொல்ல வெட்கமாக இருந்தது. என் முறை வந்தபோது, பாடப் புத்தகத்தில் பக்க அடையாளத்துக்குச் செருகியிருந்த அட்டை கண்ணில் பட்டது. பஸ் இருக்கையில் யாரோ விட்டுப்போன பழைய பேஸ்போல் அட்டை. மட்டையைத் தோளில் சாய்த்தபடி ஒரு மீசைக்காரர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"பழைய பேஸ்போல் அட்டைகள் சேர்க்கிறேன்" என்றேன்.

வகுப்பு முழுவதும் "ஓ" என்றது. நிறைய வைத்திருக்கிறாயா என்று ஆசிரியை கேட்டார். நிறைய என்றேன். அந்த மீசைக்காரர் மட்டும்தான் இருந்தார்.

கத்தோலிக்கனாகப் பிறந்தவன் பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். நான் அதற்குப் பதிலாக அட்டை வாங்கத் தொடங்கினேன். ஒரு பேஸ்போல் ஆட்டத்தையாவது முழுதாகப் பார்த்தவனல்லன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் காலம் எனக்குச் சாதகமாக இருந்தது. எங்கள் ஊரான மொன்றியலின் பேஸ்போல் அணி மூன்று வருடங்களுக்கு முன் வாஷிங்டனுக்குப் போய்விட்டிருந்தது. கோபத்திலோ துக்கத்திலோ ஆட்கள் நிலக்கீழ் அறைகளிலிருந்து எழுபதுகளின் அட்டைகளைச் சப்பாத்துப் பெட்டியோடு கொண்டுவந்து கண்ட விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததையெல்லாம் வாங்கினேன். 2007ஆம் ஆண்டு வசந்தம் வந்தபோது என் அறை அலுமாரியில் உடுப்புக்கு இடமில்லாமல் போயிருந்தது.

அந்த வசந்தத்தில்தான் மெட்ரோ ஆற்றுக்கு அப்பாலுள்ள லவால் வரைக்கும் நீண்டது. அக்கா மெலனியும் அத்தான் அருமைராசாவும் அம்மாவும் நானும் கோட்-தே-நேஜில் ஒரே வீட்டில் இருந்தோம். இனி அம்மா தனியாகவே மெட்ரோவில் பூசைக்குப் போய்வரலாம் என்று சொல்லி அத்தான் லவாலில் ஒரு மேல்மாடி வீடு பார்த்தார். இந்த ஊரில் பாதிப் பேர் வீடு மாறுகிற யூலை முதலாம் திகதிதான் எங்களுக்கும் நாள். புது வீட்டில் என் அறை என்பது ஓர் அறையல்ல, சமையலறைக்குப் பின்னால் இருந்த ஓர் ஒடுக்கம்.

அத்தான் கொள்கலன் லொறி ஓட்டுபவர். எதை எங்கே ஏற்றலாம் என்பதில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. பலசரக்குக் கடையிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழப் பெட்டி ஒன்றை என் கட்டிலில் வைத்தார்.

"தம்பி, இதுக்குள்ள அடங்கிறது லவாலுக்கு வரும். அடங்காதது றோட்டுக்குப் போகும்."

"அத்தான், இதெல்லாம் சேகரிப்பு."

"மீன் தொட்டியும் சேகரிப்புத்தான். கிற்றாரும் சேகரிப்புத்தான். தபாலில ஏதோ கொம்பியூட்டர் படிச்சியே, அந்தப் புத்தகங்களுக்கு மேலதான் இப்ப நான் கால் வைச்சு ரீவி பாக்கிறன். உனக்கு ஒண்டிலயும் பிடிப்பு இல்லையடா. அதுதான் எல்லாத்தையும் பிடிக்கிறாய்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று டயரியில் அந்த வாக்கியத்தை எழுதி, கீழே கோடும் போட்டேன். எல்லாவற்றையும் றோட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னொரு மீன் தொட்டி, அவ்வளவுதான். ஆனால் இந்த முறை அவர் சொன்னது உண்மையாகிவிடும். எனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்து, இதை ஏன் சேர்க்கிறேன் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லக்கூடிய ஒரு பெட்டியோடு லவாலுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது எனக்குச் சுலபம். பிறகுதான் கரைச்சல்.

முதலில் மீசையை வைத்துப் பார்த்தேன். எழுபதுகளின் ஆட்டக்காரர்களுக்கு மீசை பஞ்சமில்லை. தொங்கு மீசை, முறுக்கு மீசை, சந்தேக மீசை என்று தரையில் பரப்பினேன். சந்தேக மீசைக் குவியல்தான் பெரிதாக வளர்ந்தது. நிழலா மயிரா என்று பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா கதவைத் திறந்து, பார்த்துவிட்டு மெல்லச் சாத்தினாள்.

அடுத்தது பந்து பிடிப்பவர்கள். பங்கு இளைஞர் கிரிக்கெட் அணியில் நான் விக்கெட் காப்பாளனாக இருந்திருக்கிறேன். ஆகவே முகமூடி போட்டுக் குந்தியிருக்கும் பேஸ்போல்காரர்கள் என் சாதி என்று நினைத்தேன். இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னது பிழை.

"நீ பிடிச்சதை ஆர் பாத்தது?" என்றார் அத்தான். "பந்து உன்னைப் பிடிச்சதைத்தான் நாங்கள் பாத்தனாங்கள். சொண்டில தையல் போட்டது ஞாபகம் இருக்கோ?"

மூன்றாவது யோசனைதான் எனக்குக் கடவுள் தந்தது போல இருந்தது. ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் ஆட்டக்காரரின் பிறந்த திகதி அச்சாகியிருக்கும். என் பிறந்தநாள் சனவரி மூன்று. சனவரி மூன்றில் பிறந்தவர்களை மட்டும் சேர்த்தால்? இதைவிடச் சொந்தமான வழி உலகத்தில் உண்டா? நான் பிறந்த நாளில் பிறந்து, எனக்கு வராத ஒன்றை நன்றாகச் செய்தவர்கள். எழுதிப் பார்த்தேன். ஒரு வாக்கியத்தில் அடங்கியது.

ஆனால் என்னிடம் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். அதனால் ஞாயிறு பூசை முடிய லவால் சந்தைக்குப் போனேன். அங்கே எலிசா என்ற தமிழ்ப் பெண் ஒரு கடை வைத்திருந்தாள். தகப்பன் மன்னார் ஆள். அவள் பிறந்தது இங்கே. கடையின் ஒரு பக்கத்தில் இலங்கைக்குத் தொலைபேசி எடுக்கும் அட்டைகள் தொங்கும். மறுபக்கத்தில் பேஸ்போல் அட்டைகள் தட்டுத் தட்டாக இருக்கும். இளைப்பாறிப்போன ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கடையோடு சேர்த்து அவளுக்கு வந்தவை அவை.

"பொஞ்சூர் அண்ணை. இண்டைக்கு ஊருக்குக் கதைக்கிறீங்களோ, மீசை எண்ணுறீங்களோ?"

அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்று பின்னால் தெரியவந்தது. எல்லோரையும் அண்ணை என்றுதான் அழைப்பாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

திட்டத்தைச் சொன்னேன். தேடி எடுக்கலாம், ஆனால் பதிலுக்கு என்ன தருவீங்கள் என்று கேட்டாள். அதையும் யோசித்துத்தான் வந்திருந்தேன். என்னிடம் 'சேராதவை' என்றொரு குவியல் இருந்தது. அணி வாரியாக அடுக்க முயன்ற நாளிலிருந்து என் தலையைத் தின்றவை அவை. படத்தில் ஆள் ஓர் அணியின் உடுப்போடு நிற்பார். அட்டையில் வேறொரு அணியின் பெயர் இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில், இப்போது இன்ன அணியில் என்று ஒரு வரி. அவரை எந்த அணியில் வைப்பது? உடுப்பிலா, பெயரிலா? பண்டகசாலையில் ஒரு பெட்டியில் இரண்டு முகவரி இருந்தால் அது அசையாது. நானும் அவர்களை அப்படியே ஒதுக்கி வைத்திருந்தேன்.

எலிசா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது கனடாவில அடிச்சது அண்ணை. அமெரிக்காக்காரன் முதலே அடிச்சிடுவான். இங்க பிந்தித்தான் அடிக்கிறது. அதுக்கிடையில ஆள் வேற டீமுக்குப் போயிடுவார். புதுப் படம் எடுக்க ஆருக்கு நேரம்? ஒரு வரியைப் போட்டு விட்டிடுவாங்கள். வொய்லா."

"ஆக, பிழையான அட்டை."

"பிழையில்லை. ஆள் மாறிட்டார், படம் மாறேல்லை."

"எனக்கு அது பிழைதான்" என்று சொல்லி முழுக் குவியலையும் கொடுத்துவிட்டு, சனவரி மூன்றுக்காரர்களோடு வீடு வந்தேன். மெட்ரோவில் நின்றபடியே அவர்களின் பின்புறங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கொரு பிடிப்பு இருந்தது.

அது அந்த வாரத்தில் ஓர் இரவுச் சாப்பாடு வரைக்கும் இருந்தது.

அம்மாவுக்குக் காட்டினேன். அம்மாவைப் பங்கில் எல்லோரும் பிலோமினம்மா என்பார்கள். எந்தப் படத்தையும் புனிதர் படம் போல இரண்டு கையாலும் வாங்குவார். பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளையள். இவையெல்லாம் ஆர் தம்பி?" என்று கேட்டார்.

"நான் பிறந்த அண்டைக்குப் பிறந்தவை அம்மா. சனவரி மூண்டு."

அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா சோற்றைப் பார்த்தாள்.

"அது பள்ளிக்கூடத்துக்குக் குடுத்த திகதியெல்லே" என்றார் அம்மா.

"என்னது?"

"சனவரிக்குப் பிறகு பிறந்த பிள்ளையை அந்த வருசம் எடுக்கமாட்டினம் எண்டு மதர் சொன்னவ. கொப்பர் போய் வயசை அரை வருசம் கூட்டி எழுதிக் குடுத்தவர். பேந்து பாஸ்போட்டிலயும் அதே வந்திட்டுது. நீ பிறந்தது மடுமாதாவின்ர ஆடித் திருவிழா அண்டைக்கு. யூலை ரெண்டு."

"பிறகேன் சனவரியில கேக் வெட்டுறனாங்கள்?"

"கடதாசியில அப்பிடித்தானே கிடக்கு" என்றார் அம்மா. அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "உனக்காக நான் ஒவ்வொரு யூலை ரெண்டுக்கும் பூசை குடுக்கிறனான். நீயும் வாறனியே."

வந்திருக்கிறேன். மாதாவுக்காக என்று நினைத்து, மெழுகுதிரியும் கொளுத்தியிருக்கிறேன். அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அத்தானுக்குக் கலியாணத்துக்கு முதலே தெரியுமாம். அந்தச் செய்தி போய்ச் சேராத ஒரே ஆள் சம்பந்தப்பட்டவன்தான்.

அத்தான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "டேய், வேற ஆற்றையோ பிறந்தநாளைச் சேத்திருக்கிறாயடா!"

டயரியை அன்று திறக்கவில்லை. வழக்கமாக நான் சந்தேகப்படுவது என் புத்தியை, என் பிரெஞ்சை, என் மீசையை. பிறந்த திகதி இவ்வளவு நாளும் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. அட்டைகளை மீண்டும் வாழைப்பழப் பெட்டியில் கொட்டினேன். அது நிரம்பி வழிந்தது. யூலை முதலாம் திகதி நெருங்கிக்கொண்டிருந்தது. றோட்டில் வைப்பதற்கான கறுப்புப் பைகளை நானே வாங்கி வந்தேன்.

யூன் மாதத்தில்கூட விடியக்காலையில் துறைமுகப் பக்கம் குளிரும். ஒரு காலை அக்கா சமையலறை மேசையில் அத்தானின் வேலை ஜாக்கெட்டை விரித்து ஊசியும் நூலுமாக இருந்தாள். அத்தான் வேலை செய்த லொறிக் கொம்பனி அந்த மாசிமாதம் கைமாறிப்போனது. புதியவர்கள் புது ஜாக்கெட் தருவதாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் தீப்பெட்டியளவில் ஒரு துணிச் சின்னம் கொடுத்திருந்தார்கள். அதைத்தான் அக்கா நெஞ்சுப் பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். முதுகில் பழைய கொம்பனியின் பெயர் தோளுக்குத் தோள் கிடந்தது.

"முதுகில கிடக்கிறதைப் பிரிச்சுவிடட்டே?" என்று கேட்டாள்.

"விடும். பிரிச்சால் காத்துப் பூரும்." அத்தான் கையை நுழைத்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு திரும்பிக் காட்டினார். "எப்பிடி? பின்னால பழைய ஆக்கள், முன்னால புது ஆக்கள். என்னை எந்தப் பக்கத்தால பாக்கிறானோ அந்தக் கொம்பனி."

நான் தேநீர்க் கோப்பையை வாயருகில் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடுப்பு ஒன்று. பெயர் இன்னொன்று. நெஞ்சோரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி?"

"அத்தான், உங்களைத்தான் நான் எலிசாவிட்டைக் குடுத்திட்டன்" என்றேன்.

அக்கா ஊசியை மேசையில் குத்திவைத்து, "ஆரது எலிசா?" என்றாள்.

அதை விளக்கி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளக்கும்போதே எனக்கும் விளங்கியது. என்னால் எந்த அடுக்கிலும் வைக்க முடியாதவர்கள் என்பதாலேயே நான் அவர்களை ஒதுக்கினேன். ஆனால் என்னிடமிருந்த எல்லா அட்டைகளிலும் எந்தத் திட்டமும் இல்லாமல் நான் திரும்ப எடுத்துப் பார்த்தவை அவை மட்டும்தான். எரிச்சலோடுதான் பார்த்தேன். எரிச்சலும் ஒரு பிடிப்புத்தான் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், இத்தனை மீசைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிறு அத்தான் தன் வான் வண்டியில் சந்தைக்குக் கூட்டிப்போனார். கொடுத்து மாற்றுவதற்கு என்று என்னிடமிருந்த எல்லாப் பெட்டிகளையும் பின்னால் ஏற்றினோம். அத்தான் வானிலேயே இருந்துவிட்டார். நான் உள்ளே ஓடினேன்.

என் 'சேராதவை' எலிசாவின் கடையில் தனித் தட்டில், ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் உறைக்குள் அழகாக நின்றன. தட்டில் யாரோ ஒருவரின் பெயர் எழுதிய துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

"அதைக் கேக்காதேங்கோ அண்ணை" என்றாள். "புரோசார்டில இருந்து ஒரு ஆள் பின்னேரம் வாறார். முழுத் தட்டையும் எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டார்."

"அது என்ர."

"அது உங்கட பிழையான அட்டை எல்லே?"

அவளுக்கு என் வாக்கியம் ஞாபகமிருந்தது. நான் மூச்சுவாங்க, வெளியே வானில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். மீசைகள், பந்து பிடிப்பவர்கள், சனவரி மூன்றுக்காரர்கள், இன்னும் வகைப்படுத்தாத முழுப் பெட்டிகள்.

"எல்லாமோ?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் நான் உடனே ஓம் என்றிருந்தால் இதைப் பெருமையோடு எழுதியிருப்பேன். நான் கேட்டது இது: "ஒருக்காப் போய்ப் பிரிச்சுப் பாத்திட்டு வரட்டே? சிலதை மட்டும்..."

எலிசா கையைக் கட்டிக்கொண்டாள். "அண்ணை, நீங்கள் பிரிச்சு முடிக்கேக்குள்ள புரோசார்ட் ஆள் வந்து, போய், செத்தும்போயிடுவார். ஓமோ, இல்லையோ?"

"ஓம்" என்றேன். "எல்லாம்."

மனம் மாறுவதற்குள் தட்டைக் கையில் எடுத்தேன். எலிசா துண்டைக் கிழித்து எறிந்தாள். பின்னேரம் வருகிற மனிதருக்கு என்ன சொல்வாள் என்று கேட்டேன். "வேற டீமுக்குப் போயிட்டினம் எண்டு சொல்லுறன்" என்றாள்.

பெட்டிகளை இறக்க வானுக்குப் போனபோது அத்தான் பின் கதவைத் திறந்துவைத்து, என் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தார். மூக்கின் நுனியில் வாசிக்கிற கண்ணாடி. மடியில் அட்டைகள்.

"என்ன அத்தான்?"

"சும்மாடா. மீசையளைப் பாக்கிறன்" என்று சொல்லி அவசரமாக எழுந்தார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எடுத்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்ததைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. என் தட்டுத்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

யூலை முதலாம் திகதி தெரு முழுவதும் கட்டில்களும் குளிர்சாதனப் பெட்டிகளும் படியிறங்கிக்கொண்டிருந்தன. அத்தான் வாழைப்பழப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி மட்டும் கிடந்தது.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"நான் ஒரு பெட்டி எண்டு சொன்னால், நீ ஒரு பெட்டியைக்கூட நிரப்பேல்லையே." அவர் குரலில் ஏதோ ஏமாற்றம் இருந்தது போலப் பட்டது. பிறகு அக்காவைக் கூப்பிட்டு, மிச்ச இடத்தில் இடியப்பத் தட்டுகளை வைக்கச் சொன்னார். பெட்டியின் மேல் என் பெயரையும் சேர்த்துத் தடித்த கறுப்புப் பேனாவால், 'டிலக்ஷன் + இடியப்பம்' என்று எழுதினார்.

அடுத்த நாள் லவாலில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே, அம்மா அதிகாலைப் பூசைக்குப் போய்வந்து என் நெற்றியில் சிலுவை போட்டார். அக்கா சந்தியிலுள்ள டெப்பனர் என்ற சில்லறைக் கடையில் கிடைத்த கேக்கை வாங்கி வந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பிறந்த நாளில் கேக் வெட்டினேன். எல்லோருக்கும் ஊட்டி முடிந்த பிறகு அத்தான் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்தா. ரெண்டாம் திகதிக்காரன்."

பின்புறத்தைத் திருப்பினேன். யூலை இரண்டு என்றிருந்தது. வானில் அந்தப் பெட்டிகளுக்குள் இதைத்தான் தேடியிருக்கிறார். நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் இருக்கும் பண்டகசாலைக்காரன் முந்திக்கொண்டான். முன்புறத்தைப் பார்த்தேன். உடுப்பும் பெயரும் ஒரே அணி. ஓரத்தில் வரி எதுவும் இல்லை. மூலை நான்கும் கூராக, முப்பது வருடத்தில் ஒரு கீறல் படாத அட்டை.

"அத்தான், வடிவான அட்டை" என்றேன். "ஆனால்..."

"என்ன ஆனால்?"

"சேராது. இவர் டீம் மாறேல்லை."

அக்கா, "டேய்!" என்று கத்தினாள். "அந்த மனிசன் கண்ணாடி போட்டு..."

"பொறும் மெலனி" என்றார் அத்தான். "அவன் கஷ்டப்பட்டு ஒரு கொள்கை கண்டுபிடிச்சிருக்கிறான். பழுதாக்கக் கூடாது."

அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். பெட்டிகளில் பெயர் எழுதிய கறுப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். நான் கையை நீட்டுவதற்குள், ஆட்டக்காரரின் நெஞ்சுக்குக் குறுக்கே எழுதத் தொடங்கிவிட்டார். லொறி ஓட்டுகிற கைக்கு அந்த இடம் சிறிது; எழுத்துகள் கடைசியில் நெருங்கி, ஒன்று மீசைக்குள் ஏறியது.

'இப்ப லவாலில்.'

"இப்ப சேருமோ?" என்று கேட்டார்.

சேகரிப்பவர் எவராவது அதைப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பார். நான் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். எதற்காக என்று வகைப்படுத்தத் தெரியவில்லை.

"சேரும்" என்றேன்.

சப்பாத்துப் பெட்டியைத் தேடி எடுத்தேன். அதில் இடியப்ப மா மணத்தது. அட்டையை உடனே உள்ளே வைத்தால் மை மற்றவர்களில் ஒட்டும். அதனால் ஓரத்தில் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தேன்.